முதலில் இட்ட கோடு

ஒரு நகரம் வளர்கிறது என்று கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவன, உயர்ந்துகொண்டே போகும் கட்டடங்களும், பெருகிக்கொண்டே போகும் வாகனங்களும், மாதத்துக்கு ஒன்றாகத் திறக்கப்படும் கடைகளுமே ஆயினும், நில அமைப்பைக் கற்ற பொறியியலாளன் அந்நகரத்துக்குள் நுழையும்போது அவன் கண் முதலில் நாடுவது தரையின்மேல் கிடக்கும் கோடுகளைத்தான். தெருவின் ஓரம், வாய்க்காலின் கரை, இருப்புப் பாதையின் மேடு, ஒரு மனைக்கும் அடுத்த மனைக்கும் இடையே நட்ட அளவுக்கல் ஆகிய இவையே அக்கோடுகள். வீடு ஐம்பது அறுபது ஆண்டுகளில் இடிக்கப்பட்டு மறுபடி எழும்பும். அதில் குடியிருப்போர் அதனினும் விரைவில் மாறுவர். ஆனால் அவ்வீட்டின் முன்னே ஓடும் தெருவின் திசையும் அகலமும், ஒரு முறை நிச்சயிக்கப்பட்டுவிட்டால், அரசுகள் மாறி, எல்லைகள் மாறி, மக்களின் தொழில்கள் மாறிய பின்னும் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். இந்த நியதி எவ்வாறு செயற்படுகிறது, ஏன் செயற்படுகிறது என்பதை ஆராய்வதற்கு அரக்கோணத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் நம் பிரதேசத்தில் கிடைப்பது அரிது.

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே 69 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரிலிருந்து இருப்புப் பாதைகள் நான்கு திசைகளிலும் பிரிகின்றன: கிழக்கே சென்னைக்கு ஒன்று, மேற்கே காட்பாடியை நோக்கி ஒன்று, வடக்கே திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியாக மும்பைத் திசைக்கு ஒன்று, தெற்கே காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டுக்கு ஒன்று. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்து புறப்பட்டு, அந்நாளில் ஆர்க்காடு என்று பெயரிடப்பட்டிருந்த வாலாஜா ரோடு நிலையத்துக்கு ஓடியபோது, அரக்கோணத்தின் வழியேதான் ஓடிற்று. மதராஸ் ரயில்வே கம்பெனியார் இங்கிருந்து வடமேற்கே கிளைப்படுத்திய பாதை 1871இல் ராய்ச்சூரை எட்டி, பம்பாயிலிருந்து வந்த பாதையோடு கைகோத்த நாள்முதல், இரு மாகாணத் தலைநகரங்களுக்கும் இடையே செல்வோர் யாவரும் இவ்வூரைக் கடந்தே ஆகவேண்டும் என்ற நிலை உண்டாயிற்று.

இந்நான்கில் தெற்குக் கிளையின் வரலாறு நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற நிறுவனம் அரக்கோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே 1865இல் ஒரு சிறிய பாதையை அமைத்தது. அதன் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் மூன்றரை அடி. பின்னர் அக்கம்பெனி வேறு பெயர் பூண்டு, தென்னிந்திய ரயில்வேயில் கலந்து, பாதையும் மீட்டர் அகலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து அது ஐந்தரை அடி அகலப் பாதையாயிற்று. ஆக, தண்டவாளத்தின் அகலம் இரு முறை மாறிற்று. அதற்கேற்பக் கட்டைகள் மாறின. நீராவி போய் டீசலும் மின்சாரமும் வந்தன. உரிமையாளர் மாறினர், ஆட்சியே மாறிற்று. மாறாமல் நின்றது எது? பாலாற்றுச் சமவெளியில் 1865இல் ஒரு நில அளவையாளர் கூட்டம் கோல் நட்டுச் சங்கிலி பிடித்துக் குறித்த தடம் ஒன்றே. பொருள் அழியும், தடம் நிலைக்கும் என்பதே இவ்வத்தியாயம் சொல்லவந்த செய்தி. இனி வருவன எல்லாம் அதற்கான காரணங்களும் விளைவுகளுமே.

இரும்பு ஏன் சமதளத்தை நாடுகிறது

இருப்புப் பாதை தான் போகும் இடத்தைத் தன் இஷ்டம்போல் தேர்ந்துகொள்ள முடியாமைக்குக் காரணம் உராய்வு பற்றிய ஓர் எளிய உண்மை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது, ஒரு டன் பாரத்தைச் சமதளத்தில் நகர்த்திக்கொண்டே இருப்பதற்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசையே போதும்; அதே ஒரு டன்னை ரப்பர் சக்கரங்களில் ஏற்றித் தார்ச்சாலையில் இழுப்பதற்குச் சுமார் 10 கிலோகிராம் தேவைப்படும். ரயிலின் சிக்கனம் முழுவதும் இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. ஆனால் பாதை நூறு அடிக்கு ஓர் அடி வீதம் மேலேறத் தொடங்கினால், சக்கரம் எதுவாயினும், பூமியின் ஈர்ப்பை எதிர்த்து டன்னுக்கு மேலும் 10 கிலோகிராம் விசை செலுத்தியாக வேண்டும். லாரிக்கு அது 10-ஐ 20 ஆக்குகிறது, இரு மடங்குதான். ரயிலுக்கோ 2-ஐ 12 ஆக்குகிறது, ஆறு மடங்கு. மேட்டைக் கண்டதும் வண்டிக்காரன் இறங்கி மாட்டோடு சேர்ந்து தோள்கொடுத்துத் தள்ளுவதுபோல ரயிலுக்குத் தோள்கொடுக்க யாரும் இல்லையாதலால், பாதை போடுகிறவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும், வளைவுகளை இயன்றவரை நேராக்கியும், மலைகளுக்கு இடையே உள்ள வாசல்களைத் தேடியுமே செல்லவேண்டியவர்களாகிறார்கள்.

இரயில்பாதை இன்ன ஊர் வழியேதான் போகவேண்டும் என்று மக்களைக் கேட்டுத் தீர்மானிக்கப்படவில்லை. சென்னையிலிருந்து மேற்கே போகும் பாதையும், நகரி மலைகளை ஒட்டிய இடைவெளியைப் பற்றிக்கொண்டு வடக்கே போகும் பாதையும் பிரிவதற்கு வாய்ப்பான சமநிலம் இது என்பதனால் அரக்கோணம் சந்திப்பாயிற்று, சந்திப்பானதனால் ஊராயிற்று. ஜெர்மன் தேசத்துப் பூகோள அறிஞர் வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சந்தைக்கு வருவோரின் வசதியைக் கருதி ஊர்கள் ஏறத்தாழ ஒழுங்கான இடைவெளியில் தோன்றும் என்று விளக்கியதோடு, போக்குவரத்துக் கோடுகளின் வசதியைக் கருதியும் ஊர்களின் வரிசை அமையலாம் என்று இரண்டாவதாக ஒரு விதியையும் கூறினார். அருகில் உள்ள காஞ்சிபுரத்தை முதல் விதிக்கும் அரக்கோணத்தை இரண்டாம் விதிக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். காஞ்சியில் கோயில்களை ஒட்டி வீதிகளும் வீதிகளை ஒட்டி நெசவாளர் தெருக்களும் பல நூற்றாண்டுகளில் படிப்படியாக உண்டாயின. அரக்கோணத்திலோ பாதை முதலில் வந்தது, பணிமனை பிறகு வந்தது, ரயில்வே ஊழியர் குடியிருப்பு அதன்பின் வந்தது, இவர்கள் எல்லாருக்கும் அரிசியும் காய்கறியும் விற்பதற்குப் பேட்டைகள் வந்தன. பழனிப்பேட்டை, சுவால்பேட்டை, விண்டர்பேட்டை என்று இங்கே பேட்டைகள் பெருகியிருப்பதிலிருந்தே, ஊர் ஓர் உருவாக வளராமல் பாதையின் இப்புறமும் அப்புறமுமாகத் துண்டு துண்டாகச் சேர்ந்தது என்பதை ஊகிக்கலாம்.

இதன் விளைவை இவ்வூரார் தினந்தோறும் அனுபவிக்கிறார்கள். ஊரின் ஒரு பாகத்திலிருந்து மறு பாகத்துக்குச் செல்லவேண்டுமானால் பாதையைக் கடந்தாக வேண்டும். ரயில் மேலே ஓட, ஊர் கீழே நுழைந்து செல்வதற்கென்று முற்காலத்தில் விட்ட இரண்டு திறப்புகளைக் கொண்ட பாலத்தை மக்கள் இரட்டைக்கண் வாராவதி என்றே அழைக்கிறார்கள். மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் செல்லும் காலத்துக்கு ஏற்றவாறு விட்ட கண்களின் அகலம், பேருந்தும் லாரியும் ஓடும் காலத்திலும் போக்குவரத்தின் அளவை நிர்ணயித்துக்கொண்டிருக்கிறது. சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும், அதன் வழியே ஒரு மணியில் எத்தனை வண்டிகள் கடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் மிகக் குறுகிய இடமே என்பது போக்குவரத்துச் சாஸ்திரத்தின் முதற் பாடம்.

ஏரியோடு பிறந்த ஊர்

கோடு நிலைத்துவிடும் என்பது தீமையே என்று எண்ணிவிடலாகாது. நல்ல கோடும் அவ்வாறே நிலைக்கும். அரக்கோணத்துக்கு மேற்கே, அதே 1856ஆம் ஆண்டுப் பாதையின்மேல், மகேந்திரவாடி என்றொரு சிறிய நிலையம் இருக்கிறது. அங்கே முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் ஒரே பாறையைக் குடைந்து திருமாலுக்கு ஒரு கோயில் எடுத்தான். அக்கோயிலில் உள்ள கல்வெட்டு மூன்று பொருள்களை ஒருசேரக் குறிப்பிடுகிறது: மகேந்திரபுரம் என்ற நகரம், மகேந்திர தடாகம் என்ற ஏரி, மகேந்திர விஷ்ணுகிருகம் என்ற கோயில். நகரத்தை ஏரியோடு சேர்த்தே பேசுகிற அம்மன்னனின் நோக்கைப் பொறியியலார் ஊன்றிக் கவனிக்கவேண்டும். அந்நகரத்தின் மாட மாளிகைகள் இன்று இல்லை. ஆனால் ஏரியின் கரை இருக்கிறது. அதற்கும் அண்டை ஊரான காவேரிப்பாக்கத்தின் பேரேரிக்கும் பாலாற்று நீரைக் கொண்டுவரும்பொருட்டு வாலாஜாவுக்கு அருகில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய அணைக்கட்டும், பழைய கரையையே ஆதாரமாகக் கொண்டது. புதிய ஏரி ஒன்றைத் தோண்டுவதைவிடப் பழைய கரையைப் பயன்படுத்துவது மலிவு. அதனால்தான் கோடுகள் சாவதில்லை: ஒவ்வொரு தலைமுறையும் முன்னோர் விட்டுச்சென்றதன்மீது கட்டுவதே தனக்கு ஆதாயம் என்று காண்கிறது, அவ்வாறு கட்டக் கட்ட, அதை மாற்றுவதற்கு ஆகும் செலவும் உயர்ந்துகொண்டே போகிறது.

மண்மேடும் மழைநீரும்

இந்தப் பிரதேசத்தின் மழைநீர் ஏரியிலிருந்து ஏரிக்கு வழிந்து, காவேரிப்பாக்கத்தின் உபரியையும் சேர்த்துக்கொண்டு கொசஸ்தலை ஆற்றில் விழுந்து, கிழக்கே பூண்டியில் 1944இல் கட்டப்பட்ட நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கிறது. சென்னைவாசிகள் பருகும் நீரில் ஒரு பங்கு இவ்வழியே வருவது. சமவெளியில் இந்நீர் ஆறாகவோ ஓடையாகவோ செல்வதற்கு முன் நெடுந்தூரம் தரைமேல் மெல்லிய விரிப்பாகப் பரவியே நகரும். அதன் குறுக்கே, ரயிலின் சௌகரியத்துக்காக ஆறடி எட்டடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேடு போட்டால், பரந்து வந்த நீர் அத்தனையும் ஆங்காங்கே விடப்பட்டுள்ள சிறு பாலங்களின் வாயைத் தேடி ஒடுங்கியாக வேண்டும். அவ்வாயின் அளவைத் தப்பாகக் கணித்தால் நேரக்கூடியது என்ன என்பதை 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி அரியலூருக்கு அருகில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது தமிழகம் கண்டது. அன்றைய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்ததும் அதனால்தான்.

பாலத்தின் வாயைக் கணிக்கும் முறையை அயர்லாந்துப் பொறியியலாளர் தாமஸ் மல்வனி 1851இல் வகுத்தார். மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, விழுந்த மழையில் ஓடிவரும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் வெள்ளத்தின் அளவு கிடைக்கும். இம்மூன்றில் முதலாவது வானத்தின் கையில் இருக்கிறது, இரண்டாவது பூமியின் அமைப்பில் இருக்கிறது. மூன்றாவது ஒன்றே மனிதன் தன் செய்கையால் மாற்றக்கூடியது. ஐந்து சென்டிமீட்டர் மழை ஒரு மணி நேரத்தில் ஒரு ஹெக்டேர் நிலத்தில் பெய்தால் விழும் நீர் 5 லட்சம் லிட்டர். அந்நிலம் உழுத புன்செய்யாக இருந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 லட்சம் லிட்டர், வெளியே ஓடும். எஞ்சியது மண்ணுள் இறங்கும். அதே நிலத்தில் வீடுகளும் சிமென்ட் முற்றங்களும் தார்ச்சாலைகளும் நிறைந்துவிட்டால், ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 4 லட்சம் லிட்டர், ஓடிவரும். அளவு மட்டுமன்று, வேகமும் கூடுகிறது. மண்ணில் தயங்கித் தயங்கி வந்த நீர் மொட்டை மாடியிலிருந்தும் சாலையிலிருந்தும் நொடிகளில் இறங்குவதனால், முன்பு வெவ்வேறு நேரங்களில் வந்து சேர்ந்த பல தெருக்களின் வெள்ளம் இப்போது ஒரே நேரத்தில் பாலத்தின் வாயில் கூடுகிறது. வயலுக்கென்று கணித்துவிட்ட வாய் நகரத்தின் வெள்ளத்தை விழுங்கவேண்டிய நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகிறது. விழுங்க இயலாத நீர் மேட்டின் மேற்புறத்தில் தேங்குகிறது. ரயில்வே கேட்டுகளை அகற்றிவிட்டு அவ்விடத்தில் பாதைக்கு அடியில் சுரங்கவழி அமைப்பது நாடெங்கும் இப்போது வழக்கமாகியிருக்கிறது. விபத்தைத் தடுப்பதில் அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் சுற்றுப்புறத்திலேயே மிகத் தாழ்வான இடத்தை நாமே தோண்டி உண்டாக்கும்போது, அங்கே சேரும் நீரை இறைத்து வெளியேற்றும் பொறுப்பும் நம்மைச் சேர்கிறது என்பதை ஐப்பசி கார்த்திகை மாதங்கள் ஆண்டுதோறும் நினைவூட்டுகின்றன.

அரைமணி நேரத்தின் ஆட்சி

இத்தகைய ஊரில் வீட்டுமனைகள் ஏன் இவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்று வினவினால், பதிலின் ஒரு பாதி தொழிலிலும் மறு பாதி காலத்திலும் இருக்கிறது. இச்சிபுத்தூரில் எழுந்த டயர் தொழிற்சாலையும், 1980களின் தொடக்கத்தில் அமைந்த மின்சார என்ஜின் பணிமனையும், தக்கோலத்தை அடுத்துள்ள மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி நிலையமும், தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாளமும் நிலையான சம்பளம் வாங்கும் பல குடும்பங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. இரண்டாம் உலகப் போரின்போது சமவெளியில் போட்ட விமான ஓடுதளம், போர் முடிந்து நெடுங்காலத்துக்குப் பின், 1992 மார்ச் 11ஆம் தேதி ராஜாளி என்ற பெயரோடு கடற்படையின் விமானத் தளமாயிற்று. கடலே தெரியாத ஊரில் கடற்படை குடிவந்ததற்கும் முன்பே போட்டிருந்த ஒரு கோடு உதவியாயிற்று.

மறு பாதியை விளக்குவதற்கு இத்தாலியப் பௌதிக அறிஞர் செசாரே மார்க்கெட்டியின் உதவி வேண்டும். மனிதன் நடந்து சென்ற காலத்திலும் மோட்டாரில் செல்லும் காலத்திலும், நாளொன்றுக்குப் பிரயாணத்தில் செலவிடும் நேரம் சராசரியாக ஒரு மணிக்கு அருகிலேயே நிற்கிறது என்று அவர் 1994இல் வாதிட்டார். போக அரைமணி, வர அரைமணி. வாகனத்தின் வேகம் கூடினால் மனிதன் அந்நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. இன்னும் தொலைவில் போய்க் குடியேறுகிறான். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவனின் நகரம் இரண்டரை கிலோமீட்டர் ஆரமுள்ளது. பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்வோனின் நகரம் 20 கிலோமீட்டர் ஆரமும் 1,250 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பும் உடையதாகிவிடும். வேகம் எட்டு மடங்கு கூட, நகரம் அறுபத்து நான்கு மடங்கு விரிகிறது. சென்னை விரிந்த கதை இதுவே. ஆனால் சென்னையின் மனை விலையோ, நடுத்தரக் குடும்பத்தை மார்க்கெட்டியின் அரைமணி எல்லைக்கும் அப்பால் தள்ளிவிட்டது. விடியற்காலையில் அரக்கோணத்திலிருந்து புறப்படும் மின்சார ரயிலில் ஒரு வழிக்கே ஒன்றரை மணிக்கு மேல் செலவிட்டு உத்தியோகத்துக்குச் செல்வோர், நிலத்தின் விலையில் மிச்சப்படுத்தியதைத் தம் ஆயுளின் நேரத்தில் செலுத்துகிறார்கள். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்து, இராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு பகுதியையும் அதற்குள் சேர்த்தது. மக்கள் ரயிலேறி ஏற்கெனவே வரைந்துவிட்ட எல்லையை அரசாங்கத்தின் படம் சற்றுத் தாமதமாக ஏற்றுக்கொண்டது எனலாம்.

முப்பதுக்கு நாற்பது

இப்போது ஒரு புதிய மனைப்பிரிவுக்குள் நுழைவோம். நேற்றுவரை வேர்க்கடலையோ நெல்லோ விளைந்த நிலத்தில் சிவப்பு மண் கொட்டிச் சமப்படுத்தி, செங்கல் நிறத்தில் வளைவு ஒன்றை நிறுத்தி, வெள்ளையடித்த அளவுக்கற்களை நட்டு, அரை கிரவுண்டு வீதம் பிரித்து விற்கிறார்கள். அரை கிரவுண்டு என்பது முப்பதடிக்கு நாற்பதடி, அதாவது 1,200 சதுர அடி. இம்மனையை வாங்கியவர், பொதுக் குழாயும் பாதாளச் சாக்கடையும் வரும்வரை காத்திராமல், ஒரு மூலையில் ஆழ்குழாய்க் கிணறும் மறு மூலையில் கழிவுநீர்த் தொட்டியும் அமைத்துக்கொள்கிறார். கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 15 முதல் 18 மீட்டர் தூரமேனும் வேண்டும் என்று சுகாதாரப் பொறியியலார் கூறுவர். கிருமிகள் மண்ணினூடே வடிகட்டப்பட்டு மடிவதற்கு அத்தனை தூரம் தேவை. பைதாகரஸின் தேற்றத்தைக் கற்ற பள்ளி மாணவனும் முப்பதுக்கு நாற்பது மனையின் மூலைவிட்டம் சரியாக ஐம்பது அடி என்று சொல்லிவிடுவான். அது 15 மீட்டரைச் சிறிதே தாண்டுகிறது. அதாவது, மனையின் இரு கோடிகளில் ஒன்றில் கிணற்றையும் மற்றொன்றில் தொட்டியையும் வைத்தால்தான் அந்த விதியின் கீழ் எல்லையையேனும் எட்டலாம். ஆனால் அண்டை வீட்டாரின் தொட்டி, நம் கிணற்றுக்குச் சுவரை ஒட்டியே இருக்கக்கூடும். தனித்தனியே ஒவ்வொருவரும் விதியைப் பின்பற்றினாலும், கூடி வாழும்போது விதி மீறப்பட்டுவிடும். ஒரு வீட்டுக்குச் சரியாக இருப்பது ஒரு தெருவுக்குத் தவறாக முடிகிறது.

ஆகவே இக்காரியத்தைப் பொதுவில் செய்வதே அறிவு. அதிலும் ஆச்சரியமான ஒரு கணிதம் இருக்கிறது. சாக்கடைக் குழாயின் விட்டத்தை இரு மடங்காக்கினால் அதில் ஓடக்கூடிய நீர் இரு மடங்கன்று, நான்கு மடங்குமன்று, ஆறு மடங்குக்கும் மேலாகிறது. பெரிய குழாயில் சுவரை உரசிக்கொண்டு செல்லும் நீரின் பங்கு குறைவாதலால் ஓட்டம் தடையின்றி விரைகிறது. ஆனால் அக்குழாய்க்காகத் தோண்டும் பள்ளத்தின் செலவு அத்தனை மடங்கு உயர்வதில்லை. லூயிஸ் பெட்டன்கோர்ட்டும் ஜெஃப்ரி வெஸ்ட்டும் தம் குழுவினரோடு 2007இல் பல தேசங்களின் நகரக் கணக்குகளை ஒப்பிட்டு, ஜனத்தொகை இரட்டித்தால் சாலை, கம்பி, குழாய் ஆகியவற்றின் அளவு இரட்டிப்பதில்லை, சராசரியாக 1.8 மடங்கே ஆகிறது என்று காட்டினார்கள். சேர்ந்து வாழ்வதனால் மனித குலத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி அது. ஆயினும் தள்ளுபடி தானாக வருவதன்று. வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி எழுந்து, ஒரே குழாயைப் பகிர்ந்துகொண்டால்தான் வரும். இங்கொரு மனைப்பிரிவு, அரைக்கல் தொலைவில் இன்னொன்று, இடையே தரிசு என்று சிதறிக் கிடந்தால், பத்து வீடுகளுக்காக ஆயிரம் அடிக் குழாய் புதைக்க நேரிடும். நகராட்சியும் ஊராட்சியும் அதற்குத் துணியமாட்டா. அதனால்தான் புதிய நகர்களின் வாசிகள் மின்கம்பம் வந்த பிறகும் தெருவிளக்குக்கும், தெருவிளக்கு வந்த பிறகும் கால்வாய்க்கும் மனுக்கொடுத்துக்கொண்டு பல ஆண்டுகளைக் கழிக்கிறார்கள்.

சராசரியும் உச்சமும்

குழாய்க்கு மட்டுமன்று, சாலைக்கும் ரயில் நிலையத்துக்கும் எவ்வளவு அகலம் வைப்பது என்று கணிப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. வடக்கே சில கல் தொலைவில் உள்ள திருத்தணியை எடுத்துக்கொள்வோம். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அவ்வூரில், இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே கடைவாசலில் கலந்து ஒலிக்கின்றன. ஆண்டின் நாட்களுக்கு இணையாக 365 படிகளைக் கொண்டதென்று சொல்லப்படும் அக்குன்றின்மேல் ஆடிக் கிருத்திகையன்று ஏறும் காவடிகளின் தொகை, சாதாரண நாளின் கூட்டத்தோடு ஒப்பிடக்கூடியதன்று. சாலையை உச்ச நாளுக்கு ஏற்ப அமைத்தால் மற்ற நாட்களெல்லாம் அது வெறிச்சோடிக் கிடக்கும்; சராசரி நாளுக்கு ஏற்ப அமைத்தால் கிருத்திகையன்று மக்கள் நெரிசலில் தவிப்பர். மழைநீர்க் கால்வாய்க்கும் இதே சங்கடம். இதற்கு அறிவாளிகள் கண்ட வழி, உச்சத்தைத் தாங்குவதற்குத் திறந்த வெளியை விட்டுவைப்பதாகும். திருவிழா நாளில் கூட்டம் தங்குவதற்குக் கோயிலைச் சுற்றி விட்ட வெளியும், அடைமழையில் நீர் தங்குவதற்கு ஊருக்கு வெளியே விட்ட ஏரியும் தாங்கலும் இந்த ஒரே தத்துவத்தின் இரு வடிவங்கள். ஆண்டில் முந்நூறு நாட்கள் அவை வீணாகக் கிடப்பதாகத் தோன்றும்; அவ்வாறு தோன்றுவதனாலேயே மனை விற்போரின் கண்ணுக்கு முதலில் அவையே படுகின்றன.

சட்டம் வந்த வேளை

இவற்றையெல்லாம் சட்டம் அறியாததன்று. தமிழ்நாட்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் அங்கீகாரமற்ற மனைகள் மாநிலமெங்கும் பத்திரப் பதிவாகிக்கொண்டே இருந்தமையால், 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய பதிவுகளுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டில் அரசு, 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உண்டான மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த விதிகள் வகுத்தது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொது வெளியாக ஒதுக்கவேண்டும் என்று வற்புறுத்துகின்றன. அங்கீகாரம் பெறும் பிரிவின் சாலைகளும் பூங்காவும் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்படுகின்றன. எழுதிக் கொடுக்காத தெரு, காகிதத்தில் தனியாரின் சொத்தாகவே இருந்துவிடுவதனால், அதில் தார் போடுவதற்கும் குழாய் புதைப்பதற்கும் உள்ளாட்சி தயங்குகிறது.

வரன்முறை செய்வதென்பது உரிமையைச் சீராக்கும். ஆனால் பூமியைச் சீராக்காது. கட்டணம் செலுத்தியதும் மனைக்கு எண்ணும் முத்திரையும் கிடைத்துவிடும். வாய்க்காலின்மேல் நட்ட அளவுக்கல் மட்டும் வாய்க்காலின்மேலேயே நிற்கும். இருபதடி என்று விட்ட தெருவை, இருபுறமும் வீடு எழும்பிய பின் முப்பதடியாக்க வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டாருக்கும் நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். அளவுக்கல் நடும் அன்று அதற்குத் தேவைப்பட்டதோ, நூல் கயிற்றை ஐந்தடி தள்ளிப் பிடிப்பது ஒன்றே. வளரும் நகரத்தில் பணத்தின் மதிப்பு காலத்தோடு குறைவதுபோல, தீர்மானத்தின் விலை காலத்தோடு உயர்கிறது.

ஆகவே மனை வாங்கச் செல்லும் குடும்பம், சதுர அடி என்ன விலை என்று கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்நிலத்தில் விழும் மழை எத்திசையில் ஓடுகிறது? அது ரயில் மேட்டின் எந்தச் சிறு பாலத்தின் வழியே, எந்த ஏரிக்குச் செல்கிறது? கிராமப் புல வரைபடத்தில் வாய்க்கால் என்று குறித்திருப்பது இந்த அளவுக்கற்களுக்கு இடையே எங்கே போயிற்று? தெரு யார் பெயரில் இருக்கிறது? இவற்றுள் சிலவற்றுக்கு விடை சொல்லும் கிராமப் படம் தாலுகா அலுவலகத்தில் பார்வைக்குக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் ஒரு நாள் நேரில் சென்று நின்று பார்த்தால் படத்தில் இல்லாததும் தெரிந்துவிடும். நகராட்சியும் திட்டக் குழுமமும் செய்யவேண்டியது இதையே பெரிய அளவில் செய்வதாகும்: நீரின் வழியை முதலிலும், அதை ஒட்டித் தெருவை இரண்டாவதாகவும், தெருவின் அடியில் குழாய்க்கு இடத்தை மூன்றாவதாகவும் குறித்துவிட்டு, மனையை நான்காவதாகப் பிரிப்பது. இந்த வரிசைக்கு அதிகச் செலவு இல்லை. வரிசையை மாற்றிச் செய்துவிட்டுப் பின்னால் திருத்துவதற்குத்தான் செலவு.

1856இல் பாதை போட்டவர்கள் இவ்வூரின் பேட்டைகளை நினைக்கவில்லை என்று அவர்களைக் குறைகூறுவதற்கு இடமில்லை. அன்று இங்கே நினைக்கவேண்டிய நகரமே இல்லை. இன்று அரக்கோணத்தைச் சுற்றிலும் நூல் கயிறு பிடிப்பவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடையாது. நகரம் வருகிறது என்பதை அறிந்தே, அதை விளம்பரமாக்கி விற்றே, அவர்கள் கோடு போடுகிறார்கள். அக்கோட்டுக்கு அங்கீகாரம் அளிக்கும் அதிகாரியும், அதன்மேல் வீடு கட்டும் நாமும் அதே பொறுப்பில் பங்காளிகள்.